நீப்பாக்கரையில் தண்ணீர் ருசி பார்த்தவள்

முழங்காலுக்கு மேல் புடவையை ஏற்றிச் சொருகிக்கொண்டு, ஆற்றுக்குள் நாலடி இறங்கி நின்று, ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்து நுனிநாக்கில் வைப்பாள் ருக்குமணி. கண்ணை மூடுவாள். கரையில் மண்ணெண்ணெய் டின்களோடு நிற்கும் பெண்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நாக்கில் வைத்ததை ஆற்றில் துப்பமாட்டாள். கரைப்பக்கம் திரும்பி பாக்காவ் என்கிற அலையாத்தி மரத்து வேரடியில் துப்பிவிட்டு, "தாயே, எச்சிப் பண்ணிட்டேன்னு மனசுல வச்சுக்காத" என்று ஆற்றைப் பார்த்துக் கும்பிடுவாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. மறுபடியும் துப்பல், மறுபடியும் கும்பிடு. ஒருநாள் மூன்றாவது சொட்டிலேயே கிடைத்துவிடும். ஒருநாள் இருபது ஆகும். கிடைத்த உடனே தொண்டை கிழியக் கத்துவாள்:

"இனிச்சிருச்சு! ஓடியாங்க லா, இனிச்சிருச்சு!"

பதினாலு குடும்பமும் டின்னும் தவலையுமாக ஆற்றில் விழும். நீப்பாக்கரையில் ஆறு ஒரு நாளைக்கு இரண்டு தடவை உப்பாகும், இரண்டு தடவை இனிக்கும். கடல் ஏறும்போது உப்பு. வற்றி முடிகிற நேரத்தில் மேலேயிருந்து வரும் நல்ல தண்ணீர் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால் மணி நேரம் ஓடும். அதைப் பிடித்து வைத்தால் உண்டு. விட்டால் அன்றைக்கு உப்புக் கஞ்சிதான். ஆகவே நீப்பாக்கரைக்குக் கடிகாரமும் அவள்தான், கோயில் மணியும் அவள்தான்.

இதற்காகவே ருக்குமணி தன் நாக்கைப் பத்தியம் காத்தாள். வெற்றிலையை விட்டாள். பச்சைமிளகாயை விட்டாள். உப்பையே விட்டாள். எல்லாரும் மரவள்ளிக்கிழங்கைக் கருவாட்டோடு தின்னும்போது அவள் மட்டும் வெறும் கிழங்கை மென்றுகொண்டிருப்பாள். பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமிக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன்க்கா, சப்பான்காரன் நம்ம அரிசியத்தான் புடுங்குனான். ஒன் நாக்கையுமா புடுங்கிட்டான்?" என்று சிரிப்பாள். "நீ தின்னு தாயி. ஒனக்குச் சேத்துத்தான் நான் பத்தியம் இருக்கேன்" என்பாள் ருக்குமணி.

இதில் ஒரு விந்தை உண்டு. பினாங்குப் பட்டணத்தில் இருந்தவரையில் ருக்குமணி எதையுமே ருசி பார்த்தவள் இல்லை. துறைமுகக் கூலிலயத்துக்குப் பின்னால் இருந்த சின்ன மாரியம்மன் கோயிலில் பொங்கலும் புளியோதரையும் ஆக்கிக் கொடுப்பது அவள் வேலை. அம்மனுக்குப் படைக்குமுன் மனுஷ நாக்கு படக்கூடாது, முகர்ந்துகூடப் பார்க்கக்கூடாது. கண்ணளவிலேயே உப்புப் போடுவாள். பதினொரு வருஷத்தில் ஒருநாளும் கூடினதில்லை, குறைந்ததில்லை. புருஷன் போனபிறகு தனக்கென்று ஆக்கிய குழம்பைக்கூட அப்படித்தான், சாமிக்குக் காட்டிய பிறகுதான் வாயில் வைப்பாள். அப்படிப்பட்டவளை ஓர் ஆற்றை எச்சில் பண்ண வைத்தது யார் என்று கேட்டால், அவளேதான். ஏனென்றால் இது ஒரு தப்பில் பிறந்த ஊர். அந்தத் தப்பு அவள் வாயிலிருந்து வந்தது.

நாற்பத்தொன்றாம் வருஷம் டிசம்பரில் பட்டணத்தில் ஜப்பான் குண்டு விழுந்தது. ஆகாயக்கப்பலை வேடிக்கை பார்க்க வீதிக்கு வந்தவர்கள் வீதியிலேயே கிடந்தார்கள். துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் அப்புத்துரை, கரி ஏற்றும் தொங்கான் படகு ஒன்றைப் பிடித்துத் தன் உறவு மூன்று குடும்பத்தையும் கூலிலயத்துப் பதினொரு குடும்பத்தையும் ஏற்றினார். மற்ற நாளாக இருந்தால் கிராணி வீட்டு அம்மாக்கள் கூலிலயத்துப் பெண்களோடு ஒரே பாயில் உட்காருவார்களா? அன்றைக்கு உட்கார்ந்தார்கள். எதிர்க்கரைப் பட்டர்வொர்த் பக்கம் ஒதுங்கலாம் என்றால் அங்கேயும் புகை. கரையோரமாகத் தெற்கே போய், சிம்பாங் அம்பாட் பக்கத்துச் சிற்றாறு ஒன்றின் வாயில் நுழைந்தார்கள். இருபுறமும் நீப்பா என்கிற தண்ணீர்ப் பனையின் ஓலை. ஆள் அரவம் இல்லை. பொழுது நன்றாக ஏறிய வேளையில் ஒரு வளைவில் தொங்கான் தரைதட்டி நின்றுவிட்டது.

தண்ணீர் வற்றினால் படகு தட்டும். படகோட்டிச் சீனன் அதைச் சொல்லிவிட்டுப் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு படுத்துவிட்டான். இவர்களுக்கு அது மனதில் ஏறவில்லை. நல்லபடியாக ஓடி வந்த படகு எதற்காக இங்கே வந்து நிற்க வேண்டும்? நடுப்பகலில் ருக்குமணி இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளினாள். சூரியனுக்குக் காட்டினாள். குடித்தாள். இளநீர் மாதிரி இருந்தது.

"கிராணி ஐயா, அம்மா இங்கதான் எறங்கச் சொல்றா. தண்ணியப் பாருங்க. இத விட்டுட்டு எங்க போறது?"

கோயிலுக்குப் பொங்கல் ஆக்கினவள் சொன்ன வாக்கு. யாரும் மறுக்கவில்லை. மூட்டை முடிச்சு, சட்டிபானை, பிள்ளை குட்டி எல்லாம் இறங்கின. சாயங்காலம் தண்ணீர் ஏறியதும் தொங்கான் மிதந்தது. படகோட்டி கையைக் காட்டிவிட்டுப் போயே போய்விட்டான்.

அதற்கப்புறம்தான் பெண்கள் உலை வைக்க அதே இடத்தில் தண்ணீர் மொண்டார்கள். சோறு வாயில் வைக்க முடியவில்லை. பிள்ளைகள் குமட்டிக் குமட்டி எடுத்தன. ஒருத்தி ஓடிப்போய் ஆற்றை அள்ளி வாயில் ஊற்றி, அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் பாலாக இருந்த ஆறு, சாயங்காலம் கடலாகக் கிடந்தது! குண்டு போட்டவன் ஆற்றிலும் எதையோ கொட்டிவிட்டான் என்று ஒருவர் அலறினார். அம்மன் கோபித்துக்கொண்டாள் என்றார் ஒருவர். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிற பட்டணத்து ஜனங்கள்; ஆறு உருமாறும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? அப்புத்துரை நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கடல் எத்தினை மணிக்கு ஏறும், எத்தினை மணிக்கு வத்தும் எண்டு பதினெட்டு வருஷம் பேரேட்டில எழுதினனான். ஆறும் கூடவே ஏறுமெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே!"

எல்லார் கண்ணும் ருக்குமணி மேல்தான் இருந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

மறுநாள் காலையில் மேல் வளைவிலிருந்து சம்பான் என்கிற சிறு படகு ஒன்று வந்தது. கமால் என்ற மலாய்க்காரரும் அவர் மனைவி சலேஹாவும். நீப்பா ஓலை முடைந்து விற்கிறவர்கள். நடந்ததைக் கைஜாடையில் புரிந்துகொண்டு கமால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பிள்ளைகளின் உதடு வெடித்திருப்பதைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திச் சம்பானைத் திருப்பினார். அன்றைக்கு ஆறு தடவை, அவர்கள் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, நல்ல தண்ணீர் வந்தது. அவர்கள் இருப்பது மூன்று வளைவு மேலே. அங்கே உப்பு எட்டாது.

சலேஹா ருக்குமணியின் கையைப் பிடித்து ஆற்றில் இறக்கினாள். ஏறும்போது "மாசின்" என்று முகத்தைச் சுளித்துக் காட்டினாள். வற்றும்போது "தாவார்" என்று நாக்கைத் தடவிக் காட்டினாள். உப்பு, இனிப்பு. அந்த இரண்டு சொல்லும்தான் ருக்குமணி முதலில் கற்ற மலாய். "காக் ருக்கு" என்று சலேஹா கூப்பிடுவாள். காக் என்றால் அக்கா. வயசில் யார் மூத்தவள் என்று இருவருக்குமே தெரியாது.

வீட்டுக்கு ஓலை கமால் கொடுத்தார். மரவள்ளிக் குச்சி சலேஹா கொடுத்தாள். பதினாலு வீடு எழும்பியது. இரண்டு வருஷத்தில் காடு இருந்த இடத்தில் மரவள்ளி ஆள் உயரம் நின்றது. பெயரில்லாத வளைவுக்கு நீப்பாக்கரை என்று பெயரும் ஆயிற்று. யாரும் ருக்குமணியைப் பழைய தப்புக்காக ஒரு சொல் சொல்லவில்லை. அவள்தான் தினம் இரண்டு வேளை ஆற்றில் நின்று அதைக் கழித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வருஷம் ஆடி வெள்ளி. பௌர்ணமி. காலையில் தண்ணீர் இனித்து, எல்லாரும் மொண்டுகொண்டு போய்விட்டார்கள். ருக்குமணி எப்போதும் கடைசி ஆள். தன் செம்பை நிரப்பப் போனவள் வரப்புமேல் பூட்ஸ் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். ஒரு ஜப்பான் அதிகாரி, நாலு சிப்பாய், இடம் குறிக்க ஒரு கட்டு மூங்கில் முளை, வெள்ளைத் துணி.

அதிகாரி அரைகுறை மலாயில் பேசினார். அப்புத்துரை குனிந்து வணங்கிக் கேட்டுக்கொண்டு ஊர் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"மரக்கப்பல் கட்டுற பட்டறை போடப் போகினமாம். இருநூறு பேர் தங்க வேணுமாம். குடிக்கத் தண்ணி நல்லா இருந்தா இந்த இடந்தானாம். நாங்கள் மூண்டு நாளில எழும்பிப் போகட்டாம். தண்ணி சரியில்லாட்டி வேற இடம் பார்ப்பினமாம்."

ஜெயலெட்சுமி கைக்குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு டின் நிறைய இனித்த தண்ணீர். சத்தமில்லாமல் பின்வாங்கி, ஒரு டின்மேல் பலகையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தாள். மற்றதை அவள் மாமியார் பாயால் மூடினாள்.

அதிகாரி ருக்குமணியைப் பார்த்துக் கையை நீட்டினார். "ஆயெர் பாகுஸ்-கா?" தண்ணீர் நல்லதா என்கிறார். செம்பைக் கொடு என்கிறார்.

ஆறு அப்போது இனிப்பில்தான் இருந்தது. ருக்குமணி தன் காலடியைப் பார்த்தாள். கீழே போய்க்கொண்டிருந்த நீப்பா மட்டை ஒன்று தயங்கித் தயங்கி நின்ற இடத்திலேயே சுற்றியது. பௌர்ணமி ஏற்றம், குதிரை மாதிரி வரும். இன்னும் அரைமணி நேரம் போதும்.

"கிராணி ஐயா, இன்னிக்கு ஆடி வெள்ளி. ஆத்துக்குப் பூச போடாம ஒரு சொட்டு மொள்ளக்கூடாது, எங்க வழக்கம்னு சொல்லுங்க."

அப்புத்துரை அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அப்படி ஒரு வழக்கம் நீப்பாக்கரையில் கிடையாது. இப்போதுதான் பதினாலு குடும்பமும் மொண்டிருக்கிறார்கள். ஆனாலும் சொன்னார்.

அறை விழும் என்று எல்லாரும் கண்ணை இறுக்கிக்கொண்டார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மரவேரில் உட்கார்ந்தார். சிப்பாய்களும் தொப்பியைக் கழற்றினார்கள். அறைந்திருந்தால்கூட ருக்குமணி தாங்கியிருப்பாள். அவர் நம்பிவிட்டார்!

பூசை தொடங்கியது. மஞ்சள் இல்லை, மண்ணைக் குழைத்து வைத்தாள். கற்பூரம் ஏது? தேங்காயெண்ணெய்த் திரி ஒன்று. செம்பை விளக்கினாள். மறுபடி விளக்கினாள். மாரியம்மனைக் கூப்பிட்டாள், காளியம்மனைக் கூப்பிட்டாள், தெரிந்த அம்மன் அத்தனை பேரையும் ஊர் சொல்லிக் கூப்பிட்டாள். அம்மன்கள் தீர்ந்துபோனார்கள். ஆறுகளை எடுத்தாள். கங்கை, யமுனை, காவேரி, வைகை, தாமிரவருணி. அதுவும் தீர்ந்ததும் பிறை ஆறு, ஜூரு ஆறு என்று உள்ளூர் ஆறுகளுக்கு வந்தாள். வேறு நாளாக இருந்தால் ஜெயலெட்சுமி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று பலகைமேல் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நீப்பா மட்டை இப்போது மேல்பக்கம் நகர ஆரம்பித்திருந்தது. தண்ணீர் ருக்குமணியின் முழங்காலைத் தாண்டியது. வாய் சாமி பேரைச் சொல்லச் சொல்ல, அவள் கண் மட்டையின் மேலேயே இருந்தது. அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டு உப்புக்குக் காத்திருப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

செம்பை முக்கி எடுத்தாள். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் நீட்டினாள்.

ஒரு சிப்பாய் குடித்துத் துப்பினான். அதிகாரி வாங்கி ஒரு வாய் ஊற்றினார், முகம் கோணித் துப்பினார். செம்பு பறந்தது. "பாகேரோ!" அறை இடது கன்னத்தில் விழுந்தது. ருக்குமணி தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். கீழ் உதடு பிளந்து ரத்தம் நெஞ்சில் ஒழுகியது. அவர் குனிந்து அவள் கொண்டையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"மானா? மானா ஆயெர் பாகுஸ்?" நல்ல தண்ணீர் எங்கே?

கரையில் நின்ற அத்தனை பேருக்கும் விடை தெரியும். ஒருவரும் சொல்லவில்லை.

ருக்குமணி கையைத் தூக்கவில்லை. ஆனால் கை தூக்கியிருந்தது. வலது கை. அது மேல் வளைவைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவர்கள் போனபிறகும் அது இறங்கவில்லை. ஜெயலெட்சுமிதான் வந்து பிடித்துக் கீழே இறக்கினாள். "அக்கா, நம்ம ஊரக் காப்பாத்திட்டக்கா! நீ மனுஷியில்ல, அம்மனே நீதான்" என்று காலில் விழுந்தாள். ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் விதைக்கு வைத்திருந்த தேங்காயைக் கொண்டுவந்து உடைத்தார். ருக்குமணி பிளந்த உதட்டோடு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஐயா, அந்தக் கை... நானா காட்டுனேன்?"

அப்புத்துரை கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "அதை விடு பிள்ளை. அவங்கள் ஆத்தோட போனாலே கண்டுபிடிச்சிருப்பாங்கள். நீ சொல்லாட்டியும் கண்டுபிடிச்சிருப்பாங்கள்." துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ருக்குமணி வரப்பு வழியே தனியாக மேலே நடந்தாள். கை காட்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். மூன்றாவது வளைவில் சலேஹாவின் வீடு தெரிந்தது. வீட்டைச் சுற்றி மூங்கில் முளை, முளைக்கு முளை வெள்ளைத் துணி. சலேஹா வெயிலில் ஓலை முடைந்துகொண்டிருந்தாள். எழும்பிப் போகச் சொன்ன பிறகு எவளாவது ஓலை முடைவாளா? முடைந்துகொண்டிருந்தாள். ருக்குமணி ஒரு மரத்துக்குப் பின்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு வந்த வழியே திரும்பிவிட்டாள்.

அந்த மூன்று நாளும் அவள் ஆற்றில் இறங்கினாள், ருசி பார்த்தாள். கத்தவில்லை. உதட்டால் முடியவில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். கையை மட்டும் அசைப்பாள், இடது கையை. பெண்கள் வந்து மொண்டுகொண்டு போவார்கள்.

நாலாம் நாள் காலையில் மேல் வளைவிலிருந்து சம்பான்கள் வந்தன. ஒன்பது சம்பான். கோழிக்கூண்டு, பாய்ச் சுருள், தொட்டில், கதவோடு பெயர்த்த சட்டம். முதல் சம்பானில் கமால் துடுப்போடு நின்றார். என்றைக்கும் சிரிக்கிற மனுஷன் நீப்பாக்கரையை யாரோ அந்நியர் ஊரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். நீப்பாக்கரை ஆட்கள் கரைக்கு வந்தார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு நின்றார்கள். வாருங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. கை காட்டியது யார் என்று இவர்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ?

சலேஹாவுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. தெரிந்தும் காட்டிக்கொள்ளவில்லையோ, அதுவும் தெரியவில்லை. ருக்குமணியின் வீங்கிய வாயைப் பார்த்ததும் அவள் தன் துக்கத்தை மறந்து கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"யா அல்லா, காக் ருக்கு! உன்னையுமா அடித்தார்கள்?" என்று மலாயில் கேட்டுக்கொண்டே, சம்பானின் முனைக்கயிற்றைச் சுருட்டி அவளை நோக்கி எறிந்தாள்.

ருக்குமணி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிற்றை இடது கையால் பிடித்தாள். வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் சம்பானை இழுத்துக்கொண்டு ஆற்றோரத்துத் தன் வீட்டுப் பக்கம் நடந்தாள். வாசல் காலில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஒற்றைக் கையால் முடிச்சு விழவில்லை. குனிந்து, கயிற்று நுனியைப் பிளந்த உதட்டுக்குள் வைத்து, பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள்.